மூன்று பெயர்கள் எழுதிய தபால் பெட்டி

டோர்ட்முண்ட் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடிதம் மூன்று வயது மகளின் பெயருக்கு வந்தது. ஜெர்மனியின் மத்திய வரி அலுவலகம் அவளுக்கு 11 இலக்க அடையாள எண் ஒன்றை ஒதுக்கி அனுப்பியிருந்தது. இந்த நாட்டில் முகவரியைப் பதிந்துகொண்ட எல்லோருக்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட, அந்த எண் வந்துவிடும். உறையை அவள் கையிலேயே கொடுத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம்.

எனக்கும் கணவருக்கும் எதுவும் வரவில்லை. வங்கி அட்டை வரவில்லை, அதற்கான ரகசிய எண் வரவில்லை, மருத்துவக் காப்பீட்டு அட்டை வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று போயிற்று. வங்கிக்குப் போன் செய்தபோது, அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன, அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று குறிப்பு இருக்கிறது என்றார்கள். அதே முகவரியில், சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் நான் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயத்தை விளக்கியவர் கீழ்வீட்டுப் பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். ஒருநாள் நான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சும்மா நிற்பதைப் பார்த்து அருகில் வந்தார். பெட்டி மேல் நாங்கள் ஒட்டியிருந்த காகிதத் துண்டை விரலால் தட்டினார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, "உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டார். அந்த அளவு ஜெர்மன் எனக்குப் புரிந்தது.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். எட்டு அழைப்பு மணிகள், எட்டுப் பெட்டிகள். எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. ஜெர்மனியில் பெரும்பாலான கட்டடங்களில் இப்படித்தான்: தெருப் பெயர், கட்டட எண், அதோடு முகவரி முடிந்துவிடும். அதற்குமேல் தபால்காரருக்கு வழிகாட்டுவது பெட்டியில் உள்ள குடும்பப் பெயர் மட்டுமே. உறையில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும்.

இங்கேதான் தமிழ்ப் பெயர் இடறுகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத முடியாது, விரித்தாக வேண்டும். அப்படி விரித்ததில் என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். கணவரின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். மகளின் குடும்பப் பெயர் என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். பெட்டியில் ஒட்டும்போது கணவர் தன்னை எல்லோரும் கூப்பிடும் பெயரைத்தான் எழுதினார். ஜெர்மானியக் கணக்கில் அது மகளின் குடும்பப் பெயர். ஆகவே அவளுடைய கடிதம் மட்டும் சரியாக வந்து சேர்ந்தது. அவளைப் பெற்ற இருவரும் அந்த வீட்டில் இல்லாதவர்களாகிவிட்டோம்.

அன்று மாலையே மூன்று குடும்பப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுதி ஒட்டினோம். அழைப்பு மணிக்கும் அதேபோல. கட்டடத்தின் நிர்வாக நிறுவனம் பிறகு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியான பெயர்ப்பலகை செய்து தருவதாகச் சொல்லி, இரண்டு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்றது. மூன்றாவது பெயருக்காக நான்கு மின்னஞ்சல்கள் எழுதினேன். விடக்கூடாது என்பது என் கட்சி. எழுத்து சிறியதானாலும் பரவாயில்லை, மூன்றும் இருக்க வேண்டும். கடைசியில் பொடி எழுத்தில் செய்து தந்தார்கள்.

வெளிநாட்டுக்குக் கிளம்பும் உறவினர்கள் என்னிடம் என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்பார்கள். இட்லித் தட்டா, மிளகாய்ப் பொடியா என்பதற்கு முன் நான் கேட்பது, உங்கள் எல்லா ஆவணத்திலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், திருமணச் சான்றிதழில் வேறொரு வரிசை. நமக்கு இவை மூன்றும் ஒரே ஆள். இங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று ஆள்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஊரிலிருந்தே வாங்கி வந்தது பலமுறை கைகொடுத்தது. பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் இங்கே நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சாதாரண மொழிபெயர்ப்பு செல்லாது.

ஒரு முறை பதிவு அலுவலகத்தில், "உங்கள் குடும்பத்துக்குப் பொதுவான பெயர் எது?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் முன்னால் வரும் என்றேன். அப்படியானால் இரண்டு தலைமுறைக்கு முன்பு என்ன இருந்தது என்றார் அந்த அம்மாள், உண்மையான ஆர்வத்தோடு. சாதிப் பெயரைப் பெயருக்குப் பின்னாலிருந்து கழற்றி வைத்த ஊரிலிருந்து வருகிறோம் என்பதை என் அரைகுறை ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ஆறு வாரம் தற்காலிகமாக அறைகலன்கள் போட்ட ஒரு வீட்டில் இருந்தோம். வாடகை அதிகம். அதைவிடப் பெரிய நட்டம், அந்த வீட்டுக்காரர் எங்களுக்கு ஒரு தாளைத் தர மறுத்துவிட்டார். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்று அதற்குப் பெயர். இன்னார் இன்ன தேதியிலிருந்து என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் ஒரு பக்கப் படிவம், அவ்வளவுதான். அது இருந்தால்தான் அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு நடக்கும். வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பதிவைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். வரி எண், வங்கிக் கணக்கு, குழந்தைகள் காப்பகம், வதிவிட அட்டை என்று எல்லாம் அந்தப் பதிவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. நாங்கள் அந்த ஆறு வாரமும் சுற்றுலா வந்தவர்கள் போலத் திரிந்தோம். தற்காலிக வீடு எடுப்பவர்கள் முன்பணம் கட்டும் முன் "பதிவுக்கான தாள் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதற்கு "இல்லை" என்று பொருள்.

நிரந்தர வீடு ஹோர்டே பகுதியில் கிடைத்தது. வாடகை விளம்பரத்தில் இரண்டு தொகை போடுவார்கள்: கால்ட்மீட்டெ என்பது வெறும் சுவருக்கு, வார்ம்மீட்டெ என்பது சூடேற்றலும் தண்ணீரும் பொதுச் செலவும் சேர்ந்து. கையிலிருந்து போவது இரண்டாவது. மின்சாரம் அதிலும் சேராது, தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். முன்வைப்புத் தொகை மூன்று மாதக் கால்ட்மீட்டெயைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் இருக்கிறது. இந்த இரண்டாவது எங்களுக்குத் தெரியாததால் ஒரே நாளில் மொத்தமாகக் கட்டிவிட்டு அந்த மாதம் கணவரின் நண்பரிடம் கடன் வாங்கினோம்.

சாவி வாங்கி உள்ளே போனபோது கூரையிலிருந்து கம்பிகள் தொங்கின. விளக்கு இல்லை. சமையலறை என்று சொன்ன அறையில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாய் முனையும் இருந்தன. தொட்டி இல்லை, மேடை இல்லை, அடுப்பு இல்லை. முன்பு குடியிருந்தவர் சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். இங்கே அது வழக்கம். பலர் கிளம்பும்போது புதிதாக வருபவருக்கு ஒரு விலை பேசிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கேட்டிருந்தால் அவரும் கொடுத்திருப்பார். வீடு பார்க்கப் போனபோது சமையலறை அழகாக இருந்தது, அது வீட்டோடு வரும் என்று நினைத்துவிட்டோம். அடுத்த ஐந்து வாரம் ஒற்றை மின் அடுப்பில் சோறும் ரசமும். பாத்திரம் கழுவியது குளியலறையில். வீடு பார்க்கும்போது கண்ணில் படும் ஒவ்வொரு பொருளையும் காட்டி "இது இருக்குமா, போகுமா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். சாவி கைமாறும் நாளில் கீறல், கறை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள் ஒன்று உண்டு. அதை நிதானமாக நிரப்புங்கள். படம் எடுத்து வையுங்கள்.

குளிர் வந்ததும் இன்னொரு பாடம். நம் சமையலில் ஆவி அதிகம். இட்லி, சோறு, கொதிக்கும் சாம்பார். வெளியே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குளிர், ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருக்கும். டிசம்பரில் படுக்கையறை மூலையில் சுவர் கறுத்தது. பூஞ்சை. மகளுக்கு இருமல். பாட்டி வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்தார். எனக்கு உயிர் போனது, குழந்தை இருக்கிற வீடு. ஐந்து நிமிடம் கழித்து எல்லாவற்றையும் அடைத்தார். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, சமைத்த பின் ஒருமுறை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஜன்னலை நாள் முழுதும் ஒருக்களித்து வைப்பதைவிட இப்படிச் சில நிமிடம் முழுதாகத் திறந்து மூடுவதில் ஈரக் காற்று வெளியேறிவிடும், சுவரின் சூடும் தங்கிவிடும். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு எங்கள் சுவரில் கறுப்பு வரவில்லை.

முகவரிப் பதிவு ஆனதும் கடிதங்கள் கொட்ட ஆரம்பித்தன. பெட்டியில் பெயர் இருப்பதன் அடுத்த பக்கம் அது. வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி இல்லையென்றாலும் கட்ட வேண்டும். எங்களிடம் இல்லை, கட்டினோம். பல் மருத்துவரின் ரசீது. காப்பீட்டு நிறுவனத்தின் எட்டுப் பக்க விண்ணப்பம். எல்லாம் ஒரே வெள்ளை உறை, ஒரே மாதிரி எழுத்து. எது விளம்பரம், எது வினை என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. ஒரு ரசீதை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கி வைத்ததில் அது தாமதக் கட்டணத்தோடு திரும்ப வந்தது.

அப்போது நான் அயல்நாட்டவருக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்ந்திருந்தேன். 600 மணி நேரம் மொழி, பிறகு 100 மணி நேரம் நாட்டின் சட்டமும் வரலாறும். என்னோடு சிரியாவிலிருந்து வந்த தையல்காரர், உக்ரைனிலிருந்து வந்த இரு சகோதரிகள், மொராக்கோவிலிருந்து வந்த ஓர் இளைஞர். பாடப்புத்தகம் ரொட்டிக்கடையில் தொடங்கியது. ஆசிரியை ஒரு வெள்ளிக்கிழமை, "அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களைக் கொண்டுவாருங்கள், சொந்த விவரத்தை மறைத்துவிட்டு" என்றார். அந்த ஒரு வாரம் எனக்கு அரை வருடத்துக்குச் சமம்.

நான்கு சொற்களைப் பலகையில் எழுதினார். ஃபிரிஸ்ட் என்றால் கெடு தேதி. பெஷைட் என்றால் அரசு அலுவலகம் எடுத்த முடிவு. வீடர்ஷ்ப்ருக் என்றால் அந்த முடிவை ஏற்கவில்லை என்று எழுதுவது. பொதுவாக அதற்கு ஒரு மாதம் கெடு. மானுங் என்றால் பணம் கட்டவில்லை என்ற நினைவூட்டல். இந்த நான்கில் ஒன்று கடிதத்தில் இருந்தால் அன்றே உட்கார்ந்து படியுங்கள், இல்லையென்றால் தேநீர் குடித்துவிட்டுப் படிக்கலாம் என்றார். மஞ்சள் உறையில் வரும் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொன்னார். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி அனுப்புவது அது. கொண்டுவருபவர் உறை மேல் தேதியை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அந்தத் தேதியிலிருந்து கெடு ஓட ஆரம்பிக்கும். நீங்கள் ஊருக்குப் போயிருந்தீர்களா, திறக்கவில்லையா என்பதெல்லாம் எளிதில் எடுபடாது. ஆகவே உறையையும் கிழித்துப் போடாமல் கடிதத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

என் எண்ணம் இது: புதிய நாட்டின் மொழியைக் கடைத்தெருவில் தொடங்க வேண்டாம், கடிதத்தில் தொடங்குங்கள். கடையில் கையைக் காட்டினால் தக்காளி கிடைத்துவிடும். கடிதத்திடம் சைகை செல்லாது. கைப்பேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் எந்த வரியைக் கண்டால் பதற வேண்டும் என்பதை அது சொல்லித் தராது. நான் அகலமான அட்டைக் கோப்பு ஒன்று வாங்கினேன். இங்கே எல்லார் வீட்டிலும் வரிசையாக நிற்கும். வந்த தேதியைப் பென்சிலால் மூலையில் எழுதி அன்றன்றே துளையிட்டுக் கோத்துவிடுவேன். வீடு, காப்பீடு, வங்கி, வதிவிடம், மகள் என்று ஐந்து பிரிவு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் சூடேற்றல் கணக்கில் எங்களிடம் கூடுதல் தொகை கேட்டிருந்தார்கள். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அதை அனுப்பியாக வேண்டும் என்பதும், மீட்டர் எண்களைச் சரிபார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்பதும் அந்தக் கோப்பைப் புரட்டியபோதுதான் உறைத்தது. குடியேறிய நாளில் எழுதிய மீட்டர் அளவும் கணக்கில் இருந்த அளவும் பொருந்தவில்லை. தாளின் நகலை வைத்து எழுதினேன். திருத்திக் கொடுத்தார்கள்.

பெட்டியில் வந்த முதல் கையெழுத்துக் கடிதம் ஒரு புகார். மடித்த தாள், பெயர் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டிலிருந்து இயந்திரச் சத்தம் வருகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்." சட்னிக்கு மிக்சி ஓட்டியது அது. இங்கே ஞாயிறு முழுதும் அமைதி நாள், இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் அப்படியே. சுவரில் ஆணி அடிப்பதில்லை, கடைகளும் மூடியிருக்கும். தெரியாமல் செய்த தவறுக்கு இப்படிப் பெயர் போடாத தாள் வந்தது எனக்கு வலித்தது. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு நாள் கழித்து ஜெர்மனில் ஒரு பதில் எழுதிப் பொதுப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன்: எங்களுக்கு விதி தெரியவில்லை, மன்னியுங்கள், இனி சனிக்கிழமை பகலில் அரைப்போம், சத்தம் வந்தால் தயங்காமல் மணி அடியுங்கள். கீழே எங்கள் மூன்று பெயர்களும். மிக்சிக்கு அடியில் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போட்டேன். அதற்குப் பின் அப்படித் தாள் வரவில்லை.

அக்கம்பக்கத்தோடு பழகியது பார்சலால். வீட்டில் ஆள் இல்லையென்றால் பார்சல் கொண்டுவருபவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, "இன்னார் வீட்டில் இருக்கிறது" என்று பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போவார். வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும், பகலில் கட்டடத்தில் இருப்பவள் நான். ஒருநாள் மணி அடித்து, மேல்வீட்டுப் பார்சலை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். வாங்கினேன். பிறகு எட்டு வீட்டுப் பார்சல்களும் என் நடைபாதையில் அடுக்கப்பட்டன. மாலையில் ஒவ்வொருவராக மணி அடிப்பார்கள். வணக்கம், பெயர், பார்சல், நன்றி. முதலில் அவ்வளவுதான். பிறகு மழையைப் பற்றி ஒரு வரி. பிறகு "அந்த வாசனை என்ன, கறிவேப்பிலையா?" என்று ஒரு வரி. அந்தத் தாளை எழுதியவர் யார் என்பதும் ஒருநாள் அவரே சொல்லித் தெரிந்தது. இரவுப் பணி செய்யும் செவிலியர். ஞாயிறு காலைதான் அவர் தூங்கப் போகும் நேரம். தயக்கத்தோடு வாசலில் நின்று சொன்னார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது, பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வையுங்கள் என்பதுதான்.

கடைத்தெருவில் ஓர் ஈழத்தமிழர் மளிகைக் கடை நடத்துகிறார். 1980-களின் நடுவில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்கு வந்து தஞ்சம் கேட்டவர்களில் ஒருவர். அந்த நாள்களில் பல தமிழர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். எங்கள் பெட்டிக் கதையை அவரிடம் சொன்னேன். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, எங்களுக்கும் இதுதான் நடந்தது," என்றார். "முகாமில் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. என் பிள்ளைகளுக்கும் அதையே போட்டார்கள். இப்போது பேத்தி பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறாள். அவரை அவள் கண்டதில்லை. அவர் சாவுக்கு நானும் போக முடியவில்லை."

பிறகு பையில் ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பெட்டியில் எழுதிய பெயரைத் தொல்லையாகவே நினைத்துக்கொண்டிருந்தவள் நான். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் "திருமதி" என்று சொல்லி என் அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிடும்போது முதலில் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன். இப்போது கோவில்பட்டியில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதரின் பெயர் இந்த ஊரில் வாரம் பத்து முறை சொல்லப்படுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மளிகைக் கடைக்காரர் சொல்லித்தான் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனோம். டோர்ட்முண்டிலிருந்து ஹாமுக்கு ரயிலில் அரை மணி கூட ஆகாது, அங்கிருந்து பஸ். தொழிற்சாலைகளுக்கு நடுவே நிற்கும் கோபுரம், 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழா அன்று ஜெர்மனி முழுவதிலிருந்தும், பக்கத்து நாடுகளிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். மகள் அங்கே தன் வயதுப் பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவதைக் கேட்டு வாயடைத்து நின்றாள்.

மகளின் காப்பகத்திலும் பெயர்ச் சிக்கல் வந்தது. கூட்டிப் போக நான் சென்ற முதல் நாள், குழந்தையின் குடும்பப் பெயரும் என்னுடையதும் வேறு என்பதால் பட்டியலைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை கேட்டார்கள். அவர்கள் செய்தது சரி, குழந்தையை யாரிடமும் கொடுத்துவிட முடியாது. மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழின் நகல் அன்றிலிருந்து என் பையிலேயே இருக்கிறது. விமானத்தில் நானும் மகளும் தனியாகப் போகும்போது அதோடு கணவர் எழுதிய ஒப்புதல் கடிதமும். ஒரு முறை குடியேற்ற மேசையில் அது இல்லாமல் இருந்திருந்தால் விமானம் போயிருக்கும்.

மருத்துவம் பற்றி ஒன்று மட்டும். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு 112, மருத்துவர் வேண்டும் ஆனால் ஆம்புலன்ஸ் தேவையில்லை என்ற நிலைக்கு 116117. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் தேட முடியாது.

பாட்டியின் கணவர் ஹோர்டேயின் இரும்பு ஆலையில் உலை வேலை செய்தவர். 2001-இல் ஆலை மூடப்பட்டது. பிரித்து எடுத்துச் சீனாவுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். அந்தப் பெரும் பள்ளத்தில் 2010-இல் தண்ணீர் விட ஆரம்பித்து ஏரியாக்கிவிட்டார்கள். இப்போது ஃபீனிக்ஸ் ஏரி, 24 ஹெக்டேர், கரையில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். ஒரு மாலை என்னையும் மகளையும் அங்கே நடத்திக் கூட்டிப் போனார். கரையில் நினைவுக்காக நிறுத்தியிருக்கும் எஃகு உருக்கும் கலத்தைத் தொட்டுக் காட்டினார். வாத்துகள் நீந்தும் இடத்தைக் காட்டி, "இரவெல்லாம் இங்கே வானம் சிவப்பாக இருக்கும், துணியைக் காயப்போட்டால் கரி படியும்," என்றார். கணவர் போன பிறகு இந்த ஏரிக்கு வர இரண்டு வருடம் ஆயிற்றாம். தான் பிறந்த ஊரிலேயே தனக்கு வழி தெரியாமல் போய்விட்டது என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போதுதான் கேட்டார், இனி "ஸீ" வேண்டாம், "டூ" சொல்லலாமா என்று. தமிழில் நீங்கள், நீ இருப்பதுபோல ஜெர்மனில் அந்த இரண்டு சொற்கள். வயதில் மூத்தவர்தான் முதலில் கேட்க வேண்டும், இளையவர் தானாக இறங்கக்கூடாது. நம் ஊரில் வளர்ந்தவருக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று வகுப்பில் நான் தைரியமாகச் சொன்னது உண்டு. ஆனால் எழுபது வயதுக்காரரை நீ என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அம்மாவைச் சொல்வதுபோல நினைத்துக்கொண்டு சொன்னேன். அப்படித்தான் முடிந்தது.

போன மார்ச்சில் அப்பா ஒரு கடிதம் எழுதினார். வீடியோவில் தினமும் பேசுகிறவர், பேத்திக்குத் தபாலில் ஏதாவது வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். உறை மேல் வழக்கப்படி என் பெயரை, முன்னால் தன் பெயரின் ஒற்றை எழுத்தோடு, எழுதியிருந்தார். தெரு சரி, கட்டட எண் சரி. பெட்டியில் அந்தப் பெயர் இல்லை. நம் வழக்கத்தில் அப்பாதான் அந்த ஒற்றை எழுத்து. இங்கே அவர்தான் முழுப் பெயர்.

திரும்பிப் போயிருக்க வேண்டிய கடிதம். தபால்காரப் பெண் உறையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்த பாட்டியிடம் கேட்டிருக்கிறார். அஞ்சல்தலையில் இந்தியா என்று இருந்ததை இருவரும் பார்த்திருக்கிறார்கள். மாலையில் பாட்டி மேலேறி வந்து மணி அடித்தார். மூச்சு வாங்கியது.

"இது உன்னுடையதுதானே?"

உள்ளே நான்கு வரிகளும், மகளுக்கென்று பழுப்பு நிறமேறிய பழைய பேருந்து டிக்கெட் ஒன்றும் இருந்தன. மறுநாள் காலை என் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பெட்டியில் அந்த மூன்று பெயர்களுக்குக் கீழே நான்காவதாக ஒட்டினேன்.